கைக்கடிகாரம் காட்டும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?



சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோர் பழைய மருந்துச் சீட்டையும் ஆய்வகத் தாள்களையும் மஞ்சள் பையில் மாத்திரை அட்டைகளையும் கொண்டுவருவர். இப்போது அவற்றோடு கைபேசியையும் நீட்டுகின்றனர். கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் கடிகாரமோ உடற்பயிற்சிப் பட்டையோ பதிவு செய்த எண்கள் அதில் வரிசையாக இருக்கும். இதயத்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, நடந்த அடிகள், செலவான கலோரி, உறங்கிய நேரம் என்று எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. “இது சரியாகக் காட்டுகிறதா, டாக்டர்?” என்ற கேள்வி விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஏறத்தாழ நாள்தோறும் எங்களிடம் கேட்கப்படுகிறது. அதற்கான விடையை விரிவாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், எங்களிடம் வந்த இருவரைப் பற்றிக் கூற விரும்புகிறோம். அவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியுள்ளோம்.

முதலாமவர் திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்த விவசாயி. வயது அறுபதைக் கடந்தவர். வெளிநாட்டில் பணிபுரியும் மகன் வாங்கி அனுப்பிய கடிகாரத்தைக் குளிக்கும்போது தவிர மற்ற நேரங்களில் கழற்றுவதே இல்லை. ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு நெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற இறுக்கத்துடன் விழித்துக்கொண்டார். உடல் வியர்த்தது. கடிகாரத்தைப் பார்த்தார். துடிப்பு 76, ஆக்சிஜன் 97. வாயுவாக இருக்கும் என்று எண்ணிச் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். வலி விடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார். மருத்துவமனைக்கு வந்தபோது காலை மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. இ.சி.ஜி. எடுத்த உடனேயே பெரிய மாரடைப்பு என்பது தெரிந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அந்த ஏழு மணி நேரத்தில் செயலிழந்த இதயத் தசை மீளவில்லை. முன்பு வயலைச் சுற்றி வந்தவர், இப்போது வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. “வாட்ச்சுல எல்லாம் நார்மல்னுதான் சார் காட்டுச்சு” என்று அவர் கூறியது எங்கள் நினைவை விட்டு அகலவில்லை.

இரண்டாமவர் விழுப்புரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர். தம் கடிகாரம் ஒரே வாரத்தில் மூன்று முறை ‘துடிப்பு ஒழுங்கற்று இருக்கிறது’ என எச்சரித்ததாகக் கூறி வந்தார். உடலில் எந்தத் தொல்லையும் இல்லை. இ.சி.ஜி. எடுத்தோம், முற்றிலும் சரியாக இருந்தது. அவரைத் தேற்றி அனுப்பிவைக்கும் நிலையில் இருந்தோம். அப்போது அவர் ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து, எச்சரிக்கை வந்த தேதி, நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றைக் காட்டினார். அந்த ஒழுங்கைக் கண்டபின், ஒரு நாள் முழுவதும் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியைப் பொருத்தினோம். இரவில் இரண்டு முறை ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ எனும் மேலறை நடுக்கம் பதிவாகியிருந்தது. பக்கவாதத்துக்கு வழிவகுக்கக்கூடிய அக்கோளாறுக்கு உரிய மருந்து அன்றே தொடங்கப்பட்டது.

ஒருவருக்குக் கடிகாரம் காலத்தாழ்வை உண்டாக்கியது. மற்றவருக்கு அதுவே காலத்தால் உதவியது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விவசாயியின் கடிகாரம் தவறாக அளக்கவில்லை. அவருடைய துடிப்பு உண்மையிலேயே 76 ஆகவும், ஆக்சிஜன் 97 ஆகவும் இருந்திருக்கக்கூடும். மாரடைப்பின்போது பலருக்கு இவ்விரண்டும் இயல்பாகவே இருக்கும். எனவே கடிகாரத்தைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அது காட்டும் எண் சரியானதா என்பது முதல் கேள்வி. எண் சரியானதே என்றாலும், நம் ஐயத்துக்கு அந்த எண்தான் விடையா என்பது இரண்டாவது கேள்வி. பின்வரும் பகுதிகளை இவ்விரு கேள்விகளையும் மனத்தில் கொண்டு படிக்குமாறு வேண்டுகிறோம்.

கடிகாரம் எவ்வாறு அளக்கிறது?

கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் பச்சை ஒளி மின்னுவதைக் காணலாம். இரத்தம் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சக்கூடியது. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் மணிக்கட்டுத் தோலின் நுண்ணிய குழாய்களில் இரத்தம் கூடுகிறது. திரும்பி வரும் ஒளி குறைகிறது. அடுத்த கணம் இரத்தம் குறைகிறது. திரும்பும் ஒளி கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் கடிகாரம் இதயத்துடிப்பைக் கணக்கிடுகிறது. ஆக்சிஜனை அளக்கச் சிவப்பு ஒளியும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியும் பயன்படுகின்றன. ஆக்சிஜன் நிறைந்த இரத்தமும் குறைந்த இரத்தமும் இவ்விரு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். இந்த அடிப்படையை 1970-களில் வகுத்தவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ ஆயோகி. அடிகளை எண்ணுவதற்கு, அசைவை உணரும் மிகச் சிறிய கருவி ஒன்று உள்ளே இருக்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். கடிகாரம் நேரடியாக உணர்வது ஒளியையும் அசைவையும் மட்டுமே. மற்ற எண்கள் அவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுபவை. கணக்கீட்டின் படிகள் கூடக்கூடப் பிழைக்கும் இடம் கூடுகிறது. ஒளியிலிருந்து துடிப்பைக் கணக்கிட ஒரு படிதான்; எனவே அது பெரும்பாலும் சரியாக அமைகிறது. கலோரியைக் கணக்கிட வயது, எடை, உயரம், துடிப்பு, அசைவு எனப் பலவற்றைச் சேர்த்து ஊகிக்க வேண்டும். எனவே அதில் பிழை மிகுகிறது.

இதயத்துடிப்பு: ஓய்வில் நம்பலாம், ஓட்டத்தில் எச்சரிக்கை

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஏழு வகைக் கைப்பட்டைகளை 60 தன்னார்வலர்களுக்கு அணிவித்துச் சோதித்தனர். ஏழில் ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 விழுக்காட்டுக்குட்பட்ட பிழையுடன் அளந்தன. ஓய்வாக அமர்ந்திருக்கும்போது 72 என்று கடிகாரம் காட்டினால், உண்மையான எண் அதற்கு மிக அருகிலேயே இருக்கும் என்று கொள்ளலாம்.

உடல் அசையும்போது நிலைமை மாறுகிறது. டியூக் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வில் இருப்பதைக் காட்டிலும் உடல் இயக்கத்தின்போது பிழை சராசரியாக 30 விழுக்காடு கூடியிருந்தது. கடிகாரம் கையில் ஆடும்போது ஒளி கசிகிறது. கையின் தாளத்தையே இதயத்தின் தாளமாகக் கருவி எண்ணிவிடுவதும் உண்டு. கரும்பு வெட்டுதல், முறத்தில் புடைத்தல், மாவு பிசைதல் போன்ற வேலைகளின்போது காட்டும் எண்ணை நம்பிக் கலங்க வேண்டா.

தோலின் நிறம் பற்றிப் பலர் கேட்கின்றனர். ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் கருமையான தோலில் பிழை சற்று கூடுதலாக இருந்தது. டியூக் ஆய்வில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. எனவே அவரவர் கையில் சோதித்து அறிவதே நல்லது. அதற்கான முறையைப் பின்னர் கூறுகிறோம். மணிக்கட்டில் பச்சை குத்தியிருப்போருக்கு அந்த மை ஒளியைத் தடுக்கும் என்பதால், பச்சை இல்லாத கையில் அணிய வேண்டும்.

இதய நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மெட்டோபுரோலால், பிசோபுரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். 220-லிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை உச்சத் துடிப்பாகக் கொண்டு, ‘இன்னும் வேகமாக நடக்கவும்’ என்று பல கடிகாரங்கள் தூண்டும். இம்மாத்திரைகள் துடிப்பை வேண்டுமென்றே குறைத்து வைப்பவை. அவற்றை உட்கொள்ளும் ஒருவர் கடிகாரம் கேட்கும் எண்ணை எட்ட முயன்று தம்மை வருத்திக்கொள்ளக் கூடாது. நடக்கும்போது மூச்சு வாங்காமல் உடன் வருவோருடன் பேச முடிகிறதா என்பதே அவர்களுக்கு ஏற்ற அளவுகோல்.

ஒழுங்கற்ற துடிப்பு பற்றிய எச்சரிக்கை

மேலறை நடுக்கத்தின்போது இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குகின்றன. அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும். இக்கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதல் என்பது நெடுநாள் அறிந்த உண்மை. பலருக்கு இது வந்து வந்து போகும், படபடப்புக்கூடத் தோன்றாது.

கடிகாரத்தால் இதைக் கண்டறிய முடியுமா என்பதை ஆராய்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2019-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆப்பிள் கடிகாரம் அணிந்த 4,19,297 பேர் அதில் பங்கேற்றனர். எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்களுக்கு மார்பில் ஒட்டும் இ.சி.ஜி. பட்டை அனுப்பப்பட்டது. அதை அணிந்து திருப்பி அனுப்பியோருள் 34 விழுக்காட்டினருக்கு மேலறை நடுக்கம் உறுதியானது. எஞ்சியோருக்கு எச்சரிக்கை பொய்யானது என்று முடிவு கட்ட இயலாது. எச்சரிக்கைக்கும் பட்டை அணிந்ததற்கும் இடையே சராசரியாக 13 நாள்கள் கடந்திருந்தன. வந்து போகும் கோளாறு அதற்குள் மறைந்திருக்கலாம். எங்கள் ஆசிரியையின் முதல் இ.சி.ஜி. சரியாக இருந்ததும் இதனால்தான். வெறும் பத்து நொடிகளைப் பதிவு செய்யும் தாள், மற்ற நேரத்துக்குச் சாட்சி சொல்லாது.

ஆகவே ஒரே எச்சரிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டா. அதைப் புறக்கணிக்கவும் வேண்டா. தேதியையும் நேரத்தையும் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். 65 வயதைக் கடந்தோர், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், முன்பு பக்கவாதம் ஆகியவை உடையோர் காலம் தாழ்த்தாமல் வர வேண்டும். நம் பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களுக்கு முப்பது, நாற்பது வயதிலேயே மேலறை நடுக்கம் வரக்கூடும். ‘இளம் வயதுதானே’ என்று அவர்கள் விட்டுவிடக் கூடாது.

எச்சரிக்கை வராததாலேயே கோளாறு இல்லை என்றும் கொள்ளக் கூடாது. நாம் அமைதியாக இருக்கும் நேரங்களில் மட்டுமே, அதுவும் இடையிடையே, பல கடிகாரங்கள் துடிப்பின் ஒழுங்கைச் சோதிக்கின்றன. விலை கூடிய சில கடிகாரங்கள் இ.சி.ஜி.யும் எடுக்கின்றன. மருத்துவமனையில் எடுப்பது பன்னிரு கோணங்களிலிருந்து இதயத்தைப் பார்ப்பது. கடிகாரத்தில் எடுப்பது ஒரே கோணத்திலிருந்து பார்ப்பது. துடிப்பின் ஒழுங்கை அறிய அது உதவும். மாரடைப்பை அதனால் கண்டறிய இயலாது. தயாரிப்பாளர்களே இதைத் தெளிவாகக் குறிப்பிட்டுள்ளனர்.

ஆக்சிஜன் அளவு

கொரோனா காலத்தில் விரல்நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நம் வீடுகளுக்குள் வந்தது. 94 என்ற எண் அனைவருக்கும் மனப்பாடமானது. அந்த விரல்நுனிக் கருவிக்கே பிழை எல்லை உண்டு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021-இல் விளக்கியவாறு, அனுமதி பெற்ற ஆக்சிமீட்டர் 90 என்று காட்டினால் உண்மையான அளவு 86 முதல் 94 வரை எதுவாகவும் இருக்கலாம். கருமையான தோலில் இக்கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்ட வாய்ப்புண்டு என்பதும் 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றால் உலகின் கவனத்துக்கு வந்தது. நம்மில் பெரும்பாலோர் மாநிறமும் கருநிறமும் உடையோர் என்பதால் இதை நாம் மறத்தல் ஆகாது.

மணிக்கட்டில் இரத்த ஓட்டம் விரல்நுனியை விடக் குறைவு. ஒளியின் வழியும் வேறு. ஆகவே கடிகாரத்தின் ஆக்சிஜன் எண் மேலும் தளர்வானது. உறக்கத்தில் ஒரு முறை 88 என்று காட்டினால், கையை அழுத்திப் படுத்திருந்தது காரணமாக இருக்கலாம். பட்டையைச் சரிசெய்து, கையை அசைக்காமல் மீண்டும் பாருங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் எண் 98 ஆக இருந்தாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயச் செயலிழப்பு ஆகியவை உடையோர் விரல்நுனிக் கருவியையே பயன்படுத்துக. நகப்பூச்சை நீக்கி, விரலைச் சூடாக வைத்து அளக்க வேண்டும்.

இரத்த அழுத்தமும் சர்க்கரையும்

கையில் காற்றுப்பட்டை கட்டாமல் ஒளியைக் கொண்டே இரத்த அழுத்தத்தைக் கணக்கிடும் கடிகாரங்கள் விற்பனையில் உள்ளன. இவற்றுள் சிலவற்றை முதலில் காற்றுப்பட்டைக் கருவியுடன் ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும்; நான்கு வாரங்களுக்கு ஒரு முறை அதை மீண்டும் செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாமல் எண் காட்டும் மலிவான பட்டைகள் பெரும்பாலும் ஊகத்தையே காட்டுகின்றன. ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், இத்தகைய கருவிகளைக் கொண்டு சிகிச்சையை முடிவு செய்ய வேண்டா என்றே கூறுகிறது. ‘கடிகாரத்தில் 120 காட்டுகிறது, மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்று கூறி வந்தவர்களுக்கு நாங்கள் 180 அளந்தது உண்டு. வீட்டில் அளக்க விரும்புவோர் மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவியை வாங்குங்கள். அதை ஒரு முறை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால் எங்கள் கருவியுடன் ஒப்பிட்டுத் தருவோம்.

சர்க்கரையைப் பற்றி ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறோம். தோலைத் துளைக்காமல் இரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லப்படும் எந்தக் கடிகாரத்தையும் மோதிரத்தையும் நம்பாதீர்கள். அத்தகைய கருவி எதற்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அதன் எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் உயிரிழப்பும் நேரலாம். மேற்கையில் ஒட்டி, மெல்லிய இழையைத் தோலினுள் செலுத்தி அளக்கும் உணர்கருவி வேறு. அது மருத்துவர் ஆலோசனையுடன் பயன்படுவது. அதன் எண்ணைக் கடிகாரத்தில் காண்பதில் தவறில்லை.

அடிகள், கலோரி, உறக்கம்

சமதரையில் கைவீசி நடப்போரின் அடிகளைக் கடிகாரம் ஓரளவு சரியாகவே எண்ணும். கை வீசாதபோது குறைத்து எண்ணும். ஊன்றுகோலுடன் மெதுவாக நடக்கும் முதியவர், நடைச்சட்டத்தைப் பற்றி நடப்பவர், இடுப்பில் குழந்தையுடன் நடக்கும் தாய், தலையில் சுமையேற்றிக் கையால் பிடித்து நடப்பவர் ஆகியோர் நடந்ததில் ஒரு பகுதி கணக்கில் வாராது. மாறாக, அமர்ந்தபடி பூக்கட்டுவதும் முறத்தில் புடைப்பதும் சில வேளைகளில் அடிகளாக எண்ணப்படும்.

நாளொன்றுக்கு 10,000 அடிகள் என்ற இலக்கு மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக் நடந்த மறு ஆண்டான 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து அது பரவியது. அப்பெயரின் பொருள் ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பதே. சராசரி வயது 72 ஆன 16,741 பெண்களைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் நடந்தோரைக் காட்டிலும் 4,400 அடிகள் நடந்தோரின் இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைந்திருந்தது. 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பயன் காணப்படவில்லை. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுக்கப்பட்டது; உடல்வலிமை உள்ளோருக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் மூட்டுவலியும் இதயத் தளர்ச்சியும் உள்ள முதியவர், கடிகாரம் 10,000 காட்டவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. சென்ற மாதம் 2,000 நடந்தவர் இந்த மாதம் 3,000 நடந்தால் அது வெற்றியே. ஒரே கருவி, ஒரே கை, ஒரே மனிதர் என்று இருக்கும்போது, எண்ணில் பிழை இருந்தாலும் ஏற்ற இறக்கம் உண்மையைச் சொல்லும்.

கலோரிக் கணக்கை அடியோடு மறந்துவிடுங்கள். மேற்கூறிய ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் மிகச் சிறந்த கருவிகூடச் சராசரியாக 27 விழுக்காடு பிழைத்தது. மிக மோசமானது 93 விழுக்காடு பிழைத்தது. ‘காலையில் 400 கலோரி செலவாகிவிட்டது’ என்ற துணிவில் கூடுதலாக இரண்டு வடை உண்பவருக்கு எடை குறையாது, சர்க்கரையும் குறையாது. 2016-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், எடை குறைக்க முயன்ற 471 இளையோரை இரண்டு ஆண்டுகள் கவனித்தனர். கருவி அணிந்தோர் சராசரியாக 3.5 கிலோவும், அணியாதோர் 5.9 கிலோவும் குறைந்தனர். கருவி தானாக எடையைக் குறைக்காது என்பதற்கு இது சான்று.

உறங்கிய மொத்த நேரத்தைக் கடிகாரம் ஓரளவு சரியாகக் கூறும். அசையாமல் விழித்தபடி படுத்திருப்பதையும் உறக்கமாக எண்ணிவிடுவது அதன் இயல்பு. ஆழ்ந்த உறக்கம் இத்தனை நிமிடம் என்ற கணக்கு அத்துணை நம்பத்தக்கதன்று. அந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்பட்டே உறக்கத்தை இழப்போரும் எங்களிடம் வருகின்றனர். காலையில் புத்துணர்ச்சியுடன் எழுந்தால் அதுவே நல்ல உறக்கம். பலத்த குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால், கடிகாரம் என்ன கூறினாலும் மருத்துவரை நாடுங்கள்.

உங்கள் கடிகாரத்தை நீங்களே சோதிக்கலாம்

இதற்கு வேண்டியவை நொடிமுள் உள்ள ஒரு சுவர்க் கடிகாரமும் உங்கள் விரல்களும் மட்டுமே.

முதலாவது, துடிப்புச் சோதனை. ஐந்து நிமிடம் அமைதியாக அமருங்கள். ஒரு கையின் உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மற்றொரு கையின் நடு மூன்று விரல்களை மெல்ல வையுங்கள். நாடி தட்டுப்படும். 30 நொடிகள் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு ஒழுங்கற்று இருந்தால் முழு 60 நொடிகளும் எண்ணுங்கள். அதே நேரத்தில் கடிகாரம் காட்டும் எண்ணைக் குடும்பத்தினர் குறித்துக்கொள்ளட்டும். மூன்று நாள் இவ்வாறு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் வேறுபாடு ஐந்துக்குள் இருந்தால், ஓய்வு நேரத்தில் உங்கள் கடிகாரம் நம்பத்தக்கது. பெரிய வேறுபாடு இருந்தால், மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே தள்ளி, தோலோடு படியும்படி அணிந்து மீண்டும் பாருங்கள். அதன் பின்னும் நாடி ஒழுங்கற்றும் எண்கள் மாறுபட்டும் இருந்தால் இ.சி.ஜி. எடுக்க வாருங்கள்.

இரண்டாவது, அடிச் சோதனை. கடிகாரம் காட்டும் அடிகளைக் குறித்துக்கொண்டு, உங்கள் வழக்கமான நடையில் 100 அடிகளை வாய்விட்டு எண்ணி நடங்கள். கடிகாரத்தில் எத்தனை கூடியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று முறை செய்து 90-க்கும் 110-க்கும் இடையே வந்தால் போதுமானது. ஊன்றுகோலுடன் நடப்பவர் ஊன்றுகோலுடனேயே சோதிக்க வேண்டும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது ஐ.சி.டி. பொருத்தப்பட்டோர் கடிகாரத்தையும் கைபேசியையும் அக்கருவியிலிருந்து ஆறு அங்குலமாவது விலக்கி வைக்க வேண்டும். அவற்றிலுள்ள காந்தம் இடையூறு செய்யக்கூடும். சட்டைப் பையில் வைத்தலும், கடிகாரக் கையை மார்பின் மேல் வைத்து உறங்குதலும் கூடாது. உடற்கொழுப்பை அளப்பதற்காக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தும் வசதியையும் அவர்கள் பயன்படுத்த வேண்டா.

கடிகாரத்தைப் பார்க்கக் கூடாத நேரம்

நெஞ்சில் இறுக்கம், பாரம், எரிச்சல், அது இடக்கை, தாடை, முதுகுக்குப் பரவுதல், காரணமின்றி வியர்த்தல், திடீர் மூச்சுத்திணறல், மயக்கம். முகம் ஒரு பக்கம் கோணுதல், பேச்சு குழறுதல், ஒரு கையோ காலோ தளர்தல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியோருக்கும் மாரடைப்பு வலியின்றியும் வரலாம். வெறும் களைப்பும் வியர்வையுமாகத் தோன்றலாம். ‘வாயுவாக இருக்கும்’ என்று காத்திருப்பதால் நம் மாவட்டத்தில் இழக்கும் நேரம் மிகுதி.

உடனே 108-ஐ அழையுங்கள். அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திண்டிவனம் அரசு மருத்துவமனை என்று எது அருகில் உள்ளதோ அதற்குச் செல்லுங்கள். சிற்றூர்களில் இருப்போர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்வதும் பயன் தரும். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. உதவி வரும் வரை நோயாளியைத் தனியே விடவோ நடக்க வைக்கவோ இருசக்கர வாகனத்தை ஓட்ட வைக்கவோ கூடாது.

நினைவில் கொள்க

1. ஓய்வில் காட்டும் இதயத்துடிப்பு பெரும்பாலும் நம்பத்தக்கது; இயக்கத்தின்போது காட்டுவது அந்த அளவுக்கு நம்பத்தக்கதன்று.

2. ஒழுங்கற்ற துடிப்பு எச்சரிக்கை வந்தால் தேதியும் நேரமும் குறித்து மருத்துவரிடம் காட்டுக.

3. ஆக்சிஜன் எண் தோராயமானது; மூச்சுத்திணறலே பெரிய அறிகுறி.

4. இரத்த அழுத்தத்துக்கு மேற்கைக் கருவி. சர்க்கரைக்கு இரத்தச் சோதனை. கடிகாரத்தை நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

5. அடிகளில் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வளர்ச்சியைப் பாருங்கள். கலோரியைப் பொருட்படுத்த வேண்டா.

6. உடல் ஒன்றைக் கூற, கடிகாரம் வேறொன்றைக் கூறினால், உடலையே நம்புக.

திண்டிவனத்துப் பெரியவர் இன்றும் மாதம் தவறாமல் எங்களிடம் வருகிறார். கடிகாரத்தை இன்னும் கட்டியிருக்கிறார். மாத்திரை நேரத்தை நினைவூட்ட அது உதவுகிறது என்கிறார். சென்ற முறை வந்தபோது தம் ஊரைச் சேர்ந்த ஒருவரையும் உடன் அழைத்து வந்திருந்தார். அவருக்கு முந்தைய நாள் இரவு நெஞ்சில் இறுக்கம் தோன்றியதாம். “வாட்ச்சைப் பார்க்காதே, கிளம்புன்னு இழுத்துக்கிட்டு வந்துட்டேன் சார்” என்றார். வந்தவரின் கோளாறு தொடக்கத்திலேயே அறியப்பட்டு, அவர் இப்போது நலமாக இருக்கிறார்.

அடுத்த முறை வரும்போது உங்கள் கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் தயங்காமல் கொண்டுவாருங்கள். இருவரும் சேர்ந்து பார்ப்போம்.